மத்தியாஸ் சொன்னதும் நான் சொன்னதும்

தம்பி,

பிரெஞ்சு தேசத்திலிருந்து உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. ஸ்த்ராஸ்பூர் நகரத்தில் இருக்கும் ஐரோப்பிய சபையில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாய் என்று படித்ததும், உன் அம்மா அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மாதா கோயிலுக்கே போய்விட்டாள். திரும்பி வந்ததும் வராததுமாக, "அவரு அங்கதான இருக்காரு, நம்ம மத்தியாஸ் ஐயா! ஒரு வரி எழுதிப் போடுங்க, லூர்துக்கு வேலை கெடைச்ச மாதிரிதான்" என்றாள். நீயும் அதையேதான் கேட்டிருந்தாய். "நீங்கள் எழுதினால் அவர் மறுக்க மாட்டார் அப்பா" என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தாய். மறுக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் பன்னிரண்டு நாளாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். நீ கேட்ட சிபாரிசுக் கடிதம் இது இல்லை. அதை ஏன் என்னால் எழுத முடியவில்லை என்று சொல்லும் கடிதம். நம் மாதா கோயில் பங்கு இதழில் போடச் சொல்லிப் பங்குச் சாமியாரிடமும் ஒரு நகல் கொடுத்திருக்கிறேன். என்னைச் சிறந்த மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு காலத்தில் எழுதியது அந்த இதழ்தான். இதையும் அதுவே போடட்டும்.

மத்தியாஸை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை. நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. இறகு செருகிய பச்சைத் தொப்பி ஒன்று வைத்திருந்தார். அதை நீ இரண்டு நாள் தலையிலிருந்து கழற்றாமல் பள்ளிக்கூடத்துக்கும் போட்டுக்கொண்டு போய் அடி வாங்கினாய். ஆஸ்திரியாவில் மலைமேல் இருக்கும் ஒரு சின்ன ஊரில் மாடு வளர்ப்பவர். அந்த ஊருக்கு மேயர். அந்த வருஷம்தான் அவர்களுடைய மாகாண சபைக்கு முதல் முறையாக ஜெயித்திருந்தார். அவர்கள் பங்குக்கும் நம் பங்குக்கும் ஏதோ தொடர்பு. பத்துப் பன்னிரண்டு பேர் இங்கே பார்க்க வந்தார்கள். மத்தியாஸ் பேசும் பிரெஞ்சைத் தமிழில் சொல்லச் சாமியார் என்னைக் கூப்பிட்டுவிட்டார். மில்லில் எட்டு நாள் லீவு போட்டுவிட்டு நான் அவர்கள் கூடவே சுற்றினேன்.

ஆஸ்திரியாக்காரருக்குப் பிரெஞ்சு எப்படி வந்தது என்று நீ அப்போதே கேட்டாய். நானும் கேட்டேன். உலகச் சண்டை முடிந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயசாம். பிரெஞ்சுக்காரர்கள் அவரைக் கைதியாகப் பிடித்துக்கொண்டு போய் ஒரு பண்ணையில் இரண்டு வருஷம் மாடு பார்க்க விட்டிருக்கிறார்கள். அங்கே காதால் கேட்டுப் பழகிய பிரெஞ்சு. அதில் மாட்டுக்கும் வைக்கோலுக்கும் நூறு சொல் இருந்தது. அரசாங்க காரியம் பேச ஒன்றுமில்லை. என் பிரெஞ்சு அதற்கு நேர்மாறு. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, மில் ஆபீசில் கடிதம் எழுதி எழுதி, கஞ்சி போட்டு மடித்து வைத்த மாதிரி ஆன பிரெஞ்சு. ஆனாலும் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போனது. கேள்வி கேட்பதில் நான் ஒரு பைத்தியம் என்றால் அவர் என்னைவிடப் பெரிய பைத்தியம். அரியாங்குப்பம் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஆற்றில் வலை வீசுகிறவனைப் பார்த்து, ஒரு வலை எத்தனை நாள் உழைக்கும், கிழிந்தால் யார் தைப்பார்கள் என்று அரை மணி நேரம் கேட்டார்.

அன்றைக்கு நாங்கள் போனது வீராம்பட்டினத்துக்கு. தேரோடும் தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். மாலை போட்டார்கள், துண்டு போர்த்தினார்கள், கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து அஞ்சலை எழுந்தாள். மீன் விற்கிறவள், அப்போது முப்பத்தைந்து வயசிருக்கும், மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் குரல். "மீனு பிடிக்கிறது ஆம்பளைங்க, விக்கிறது நாங்க. வெயிலு ஏறிடுச்சின்னா கேட்ட வெலைக்குக் குடுத்துட்டு வரணும். எங்களுக்கு ஒரு ஐஸ் பேக்டரி வெச்சிக் குடுங்க" என்றாள். நான் அதை மத்தியாஸுக்குச் சொன்னேன். அதுவரை சரியாகத்தான் சொன்னேன்.

அவர் எழுந்தார். என்ன சொன்னார் என்பது பதிமூன்று வருஷம் கழித்தும் எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. "இந்த அம்மா கேட்பது நியாயம். பால் கெட்டுப்போவதற்குள் விற்கிற கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் இதைச் செய்கிற சக்தி எனக்கு இல்லை. நான் ஒரு சின்ன மாகாணத்து உறுப்பினர், அதுவும் புதியவன். ஊருக்குப் போய்க் கேட்டுப் பார்ப்பேன். கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். என்னை நம்பிக் காத்திருக்க வேண்டாம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானூறு ஐந்நூறு முகங்களும் என்னைப் பார்த்தன. மாலை போட்ட கை காயவில்லை, அதற்குள் எந்த மனுஷனாவது இப்படிப் பேசுவானா என்று அவர் மேல் கோபம்கூட வந்தது. நம் ஊரில் மேடை ஏறியவர் இல்லை என்று சொன்னதை நீ எங்கேயாவது கேட்டிருக்கிறாயா? நான் மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: "ஐயா உங்க கஷ்டத்தைப் புரிஞ்சிக்கிட்டாரு. ஊருக்குப் போனதும் அதுக்கு ஏற்பாடு பண்றேன்னு சொல்றாரு." கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. யாரோ வெடி கூட வைத்தார்கள். மத்தியாஸ் கண் கலங்கி நின்றார்.

அது ஒரு நிமிஷத்துத் தடுமாற்றம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இல்லை தம்பி, அது என் தொழிலே. மில்லில் வெள்ளைக்கார மேனேஜர் இருந்த காலத்தில் அவர் கழுதை என்று திட்டினால் "கொஞ்சம் கவனமா செய்யச் சொல்றாரு" என்று நான் தொழிலாளிகளிடம் சொல்வேன். சண்டை வராது. இரண்டு பக்கமும் என்னைத் தங்கமான மனுஷன் என்றார்கள். உன் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, "இவனுக்குக் கணக்கு வராது, மொழிப் பிரிவில் போடுங்கள்" என்று தெளிவாகச் சொன்னார். "முயற்சி பண்ணா வந்துடும்னு சொல்றாரு" என்று உன் அம்மாவிடம் நான் வந்து சொன்னேன். அதனால் நீ இரண்டு வருஷம் கணக்கோடு அழுதாய், கடைசியில் ஒரு வருஷம் வீணாயிற்று. வாத்தியார் ஏமாற்றினார் என்று உன் அம்மா இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறாள். திட்டு எனக்குச் சேர வேண்டியது. இந்த வரியை அவள் படிக்கும்போது நான் கடைத்தெருவுக்குப் போய்விடுவதாக இருக்கிறேன்.

ஐஸ் பேக்டரிக்கு இடம் வேண்டும் என்று அஞ்சலை தன் கருவாட்டுக் களத்தை விட்டுக்கொடுத்தாள். கடலைப் பார்த்த நல்ல இடம். மறு வருஷம் மத்தியாஸிடமிருந்து கடிதம் வந்தது. கேட்டாராம், இல்லை என்றுவிட்டார்களாம், ஊராரிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். பேக்டரிக்கென்று களத்தைச் சுற்றி நட்டிருந்த சவுக்குக் கொம்புகளைப் பார்த்ததும் வாய் வரவில்லை. "முயற்சி நடக்குதாம்" என்றேன். அதற்கடுத்த வருஷம் பக்கத்துக் குப்பத்தார் வந்து, எல்லாரும் சேர்ந்து ஒரு ஐஸ் ரூம் கட்டலாமா என்று இவர்களைக் கேட்டார்கள். எங்களுக்குத் தனியாகவே வருகிறது என்று இவர்கள் அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கட்டிக்கொண்டார்கள். அப்புறம் ஒவ்வொரு ஆடித் தேருக்கும் என்னைப் பார்க்கிறவர்கள், "என்னா ஐயா, உங்க ஆளு ஏமாத்திட்டாரே" என்பார்கள். நானும் தலையை ஆட்டுவேன். எவ்வளவு சுலபமாக ஆட்டினேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் எனக்கு அடங்கவே இல்லை. வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும், கூடவே அவர் ஊர்ப் பேப்பரில் வெட்டிய துண்டு ஒன்று. அது ஜெர்மன் மொழியில் இருக்கும். நான் நூலகத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்து அதைப் படிப்பேன். முதல் படத்தில் மாடும் தொப்பியும். அப்புறம் மாகாண சபையில் கோட்டு, தொப்பி கையில். நாலு வருஷம் கழித்து வியன்னா பாராளுமன்றம். அங்கே தொப்பியைக் காணோம். அந்தத் தேர்தல் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அவர் மலைக்கு ஒரு சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்ததாம், அதை நிறுத்திவிட்டார்கள். எதிர்த்து நின்றவர் ரயிலைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று ஊர் ஊராகப் பேசினார். இவர், "ரயில் போனது போனதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ் வாங்கித் தர என்னால் முடியும். அது போதுமென்றால் என்னை அனுப்புங்கள்" என்று பேசியிருக்கிறார். நம் தெருவில் இப்படிப் பேசினால் மைக்கைப் பிடுங்கியிருப்பார்கள். இவர் ஜெயித்தார். எனக்கு அது மண்டையைக் குடைந்தது. முடியாது என்று சொல்கிறவனுக்கு யார் ஓட்டுப் போடுகிறார்கள், ஏன் போடுகிறார்கள்? அந்த ஊர் மனுஷர்கள் வேறு மாதிரியா, இல்லை நாம்தான் நம் ஜனங்களை ஒரு தடவையாவது சோதித்துப் பார்க்கவில்லையா? கடைசியில் அவரையே கேட்டு எழுதினேன்.

வந்த பதிலைப் படித்துவிட்டு நான் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. உடம்பு சரியில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவர் எழுதியிருந்தது இது: "எனக்கும் முதலில் பயம் இருந்தது. மேயராக இருந்தபோது நானும் எல்லாவற்றுக்கும் பார்க்கலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் கடற்கரையில்தான் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் முடியாது என்று நேராகச் சொன்னேன். அந்த ஏழை ஜனங்கள் எப்படிக் கை தட்டினார்கள், ஞாபகம் இருக்கிறதா? மனுஷர்கள் உண்மையைத் தாங்குவார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது." தம்பி, அந்தக் கைதட்டல் நான் சொன்ன பொய்க்கு விழுந்தது. அதை உண்மைக்கு விழுந்ததென்று நம்பி, அவர் மாகாணத்திலிருந்து வியன்னாவுக்கும் வியன்னாவிலிருந்து ஐரோப்பாவுக்கும் ஏறிப் போயிருக்கிறார். பொய்யிலிருந்து இப்படி ஒரு நேர்மையான மனுஷன் எப்படி முளைத்தார் என்று நானும் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு விளங்கவில்லை. விளங்காததாலேயே, நல்லதுதானே நடந்திருக்கிறது, கிளறுவானேன் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த நல்லது அவருக்கு நடந்தது. அஞ்சலைக்கு நடக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வியன்னா பாராளுமன்றம் தன் உறுப்பினர்களில் சிலரை ஸ்த்ராஸ்பூர் சபைக்கு அனுப்பியது; அதில் இவரும் ஒருவர். பல நாட்டு உறுப்பினர்கள் கூடும் சபை. மலைப் பிரதேசத்து விவசாயிகளைப் பற்றி அங்கே பேசுகிறார், அதே மாடு, அதே பால். காதில் மொழிபெயர்ப்புக் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று அனுப்பினார். அதன் பின்னால், "கண்ணாடி அறைக்குள்ளிருந்து யாரோ ஒருவர் என் காதில் பேசுகிறார். முகம் தெரியாது. ஆனாலும் சந்தேகமில்லாமல் நம்புகிறேன், உங்களோடு பழகியதால்" என்று எழுதியிருந்தார். இப்போது அந்தக் கண்ணாடி அறைக்குள் நீ போய் உட்காரப் போகிறேன் என்கிறாய். அதற்கு நான் சிபாரிசு எழுத வேண்டும் என்கிறாய். சொல், எப்படி எழுதுவேன்?

போன செவ்வாய்க்கிழமை அரியாங்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீராம்பட்டினம் வரை நடந்தே போனேன். அஞ்சலை வாசலில் உட்கார்ந்து மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "வாங்க ஐயா, என்னா இந்தப் பக்கம், தேருகூட இல்லியே" என்று பலகையை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேசியதை முதலில் பிரெஞ்சில் சொல்லிவிட்டு, அப்புறம் தமிழில், ஒரு சொல்லும் மாற்றாமல். அவள் கழுவுவதை நிறுத்தவில்லை. கடைசியில் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அவரு மொகத்தப் பாத்தா இல்லைன்ற மாதிரிதான் இருந்துச்சு. பக்கத்துல இருந்தவகிட்ட சொன்னேன்கூட. ஆனா நீ செய்வாருன்னு சொன்ன. நீ பாஷை தெரிஞ்சவன், நம்ம ஊரு ஆளு. எங்கண்ணு பாத்தத விட்டுட்டு உன் வாய நம்பனேன்" என்றாள். அதுவரை நீங்க என்று பேசியவள் அப்போதுதான் நீ என்றாள். "அன்னைக்கே இல்லைன்னு சொல்லியிருந்தா பக்கத்துக் குப்பத்துக்காரனோட சேந்திருப்போம். இப்ப தெனம் கால் கடுக்க நடந்து போயி அவங்ககிட்ட ஐஸ் வாங்கறேன். என் களத்துல எவனோ வீடு கட்டிட்டான்." மன்னித்துக்கொள் என்றேன். கழுவிய தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு, "அந்த மனுசனை வருசா வருசம் திட்டனோமே, பாவம்" என்றாள்.

அவரிடம் நானே எழுதிச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "நீ எழுத வேணாம். நீ மறுபடியும் இனிப்பு தடவிடுவ. உன் புள்ள அங்கதான இருக்கான்? நான் சொல்றேன், அப்டியே தமிழ்ல எழுதிக்க. அவன் போயி சொல்லட்டும்" என்றாள். அவள் வாசலில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதி முடித்ததை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், எங்கேயாவது மாற்றியிருக்கிறேனா என்று. அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் இரண்டாம் தடவை வாசிக்கும்போது ஒரு இடத்தில் நான் தயங்கியதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

ஆகவே உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஸ்த்ராஸ்பூர் போய் மத்தியாஸைப் பார். என் மகன் என்று சொல். இந்த வீராம்பட்டினத்துக் கதை முழுவதையும் சொல். அப்புறம் கீழே இருக்கிற அஞ்சலையின் பேச்சைப் பிரெஞ்சில் சொல். இதைக் கேட்டபின் அவர் உனக்கு உதவாமல் போகலாம். இப்படிப்பட்டவன் மகனை எப்படி அந்த அறைக்குள் விடுவது என்று நினைக்கலாம். நினைத்தால் அதில் தப்பில்லை. அந்த வேலைக்காக நீ எத்தனை வருஷம் படித்தாய் என்று எனக்குத் தெரியும். உன் அப்பன் செய்த காரியத்துக்கு நீ விலை கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு வலிக்கிறது. போக மாட்டேன் என்று நீ எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் போனால், ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கேட்கிறவர் முகம் வாடும். உனக்கு இரக்கம் வரும். அந்த இரக்கத்தில்தான் நான் கெட்டேன். இவள் சொன்னது இதுதான்:

"ஐயா, நான் அஞ்சலை, வீராம்பட்டினம். நீங்க இல்லைன்னு சொன்னது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். நீங்க குடுக்காத வாக்குக்கு உங்கள இவ்ளோ வருசம் திட்டிட்டோம், அதுக்கு மன்னிச்சிக்கங்க. அன்னைக்கு நாங்க கைதட்டுனது நீங்க சொன்னதுக்கு இல்ல. ஆனா நீங்க இல்லைன்னு சொன்னது தெரிஞ்சிருந்தாலும் சோடா குடுத்து, மாலையோடதான் அனுப்பியிருப்போம். நீங்க மறுபடியும் வரணும். ஐஸ் வேணாம், சும்மா வாங்க. வந்தா, அன்னைக்கு உங்க பேச்சைத் தமிழ்ல சொன்ன ஆளைக் கூட்டிக்கினு வராதீங்க."

நான் தயங்கியது அந்தக் கடைசி வரியில். அதையும் சொல், தம்பி. குறைக்காமல் சொல்.

அப்பா